நின்றால் மட்டும் சூடாகும் வண்டி

ஓடும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, நிற்கும்போது மட்டும் ஒரு வண்டி சூடானால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, ஐயா. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். அதனால் முதலில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுற்றுகிறதா என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மெக்சிகாலியில் கோடை வந்துவிட்டால் என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு இந்தக் கோளாறுதான். அமெரிக்க எல்லையைத் தாண்ட மணிக்கணக்கில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கிற ஊர் இது.

உங்களிடம் வந்து சொல்லச் சொன்னவள் என் மனைவி எல்பா. சொல்வதற்கு அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. வீட்டில் நிம்மதி வேண்டுமே என்று வந்தேன்.

அவளுடைய அப்பா கிரெசென்சியோ எங்களோடுதான் இருந்தார். ஆயுசு முழுக்க அந்தப் பக்கத்து லெட்டூஸ் கீரை வயல்களில் முதுகு ஒடிய உழைத்தவர். தெருவில் நல்ல பெயர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். பல்செட்டைக் கழற்றித் தண்ணீர்க் குவளையில் போட்டு மேசை நடுவில் வைப்பார். அதில் பீன்ஸ் தோல் மிதக்கும். பானையில் போட்டிருக்கிற கரண்டியை எடுத்து, ஈறால் சப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பானைக்குள்ளேயே போடுவார். அதே பானையிலிருந்துதான் நானும் சாப்பிட வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "மாமா, தனியா ஒரு கரண்டி வச்சுக்கக் கூடாதா?"

"மாப்ளைக்கு மூக்கு ரொம்பத்தான் நீளம்," என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். "நாள் பூரா கிரீசுல புரள்ற ஆளு எங்கிட்ட சுத்தம் பேச வந்துட்டாரு. அந்த நகத்துக் கறுப்பை எடுத்து ஒரு ஜோடி செருப்புக்கு பாலிஷ் போடலாமே, மாப்ள."

எல்பாவும் சிரித்துவிட்டாள். கிரீஸ் அழுக்கே இல்லை, ஐயா. துடைத்தால் போய்விடும். மனிதனுக்குள்ளிருந்து வருகிறதே, அதுதான் அழுக்கு.

வாரம் ஒருமுறை இதய டாக்டரைப் பார்க்க, தானே காரை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். போன மாதம் ஒருநாள் வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நம்ம குதிரைக்குக் காய்ச்சல், மாப்ள. வரிசையில நின்னா சூட்டு முள்ளு ஏறுது. நகர்ந்தா இறங்கிடுது."

கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது. இருக்கையில் ஒரு பாட்டில் இருந்தது. உள்ளே இருந்தது ஆப்பிள் ஜூஸ் இல்லை.

"இடத்தை விட்டுட்டு இறங்க முடியுமா?" என்றார், வெட்கமே இல்லாமல். "திரும்ப வந்தா எவன் வழி விடுவான்? வயல் வேலைக்குப் போன காலத்துலேர்ந்து நான் வரிசையை விட்டு விலகினதே இல்ல, தெரியுமா?"

பெருமையாகவே சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். வெந்து செத்தாலும் பிடித்த இடத்தை விட மாட்டார்கள். பாட்டிலை நான்தான் எடுத்துப்போய்க் கொட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு வேலையைப் பார்த்தேன். தண்ணீர் சரியாக இருந்தது. ஒழுகல் இல்லை. விசிறி மட்டும் சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி கொடுத்தேன், சுற்றியது. அப்படியானால் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற ரிலேதான் போயிருக்க வேண்டும். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் தீர்ந்தது. மேசை இழுப்பறையிலிருந்து புதியது ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மாற்றத்தான் எடுத்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். வந்து பார்த்தால், நான் முகம் துடைக்கிற துண்டில் மூக்கைச் சிந்தி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பார்ட் அந்தப் பக்கத்துலேர்ந்து வரணும், மாமா," என்றேன்.

"அப்ப நாளைக்கு டாக்டரு?"

"தாராளமா போயிட்டு வாங்க. வரிசையில முள்ளு ஏறினா ஏசியை அணைச்சிட்டு ஹீட்டரை முழுசா திறந்து விடுங்க. எஞ்சின் சூட்டை அது வெளிய இழுத்துடும்."

"இந்த வெயில்லயா?"

"எஞ்சின் வெடிச்சா இடமும் போயிடும், மாமா. ஜன்னலை மட்டும் திறக்காதீங்க. முன்னாடி வண்டிப் புகை உங்க நெஞ்சுக்கு ஆகாது."

"வீட்டுக்குள்ளயே மெக்கானிக்கு இருக்கிறது எவ்வளவு நல்லதாப் போச்சு," என்று என் தோளைத் தட்டினார். கை ஈரமாக இருந்தது.

ஹீட்டர் யோசனை பொய்யில்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டுகிறவரைக்கும் மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வான். நான் சேர்க்கவில்லை. உடம்பு நீரை வற்ற வைக்கிற மாத்திரை அவர் சாப்பிடுவது எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் வாங்கி வருகிறவனே நான்தான்.

மறுநாள் வரிசை நகர்ந்தும் அவர் வண்டி நகரவில்லை. சுரோஸ் பலகாரம் விற்கிற பெண் ஒருத்தி கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம். வெயிலில் சுருண்டுவிட்டார் என்று எழுதி, உங்கள் ஆட்களும் வழக்கை மூடிவிட்டார்கள். நான் போய் வண்டியை எடுத்து வந்தேன். எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த வகையில் நான் சொன்ன வழி நன்றாகவே வேலை செய்திருந்தது.

வரிசையில் நிற்கும்போது அவர் மகளுக்குப் போன் செய்திருக்கிறார். "மாப்ள சொன்னபடி ஹீட்டர் போட்டுக்கிட்டு அவிஞ்சிட்டிருக்கேம்மா," என்று சிரித்தாராம். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். துவைக்கப்போன என் சட்டைப் பையில் அந்த ரிலே கிடைத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. பட்டறையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அது எந்த வண்டிக்கு உரியது என்று அவளுக்குத் தெரியாதா?

ஆமாம், ஐயா. அவர் திரும்பி வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். கொன்றான் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். நான் கோபத்தில் செய்யவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பெருக்குகிறவனுக்குக் குப்பைமேல் என்ன கோபம்?

வண்டியை பிளீச் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். ரிலேயையும் மாற்றிவிட்டேன். காலையில் அதிலேயே இங்கே வரும்போது, அந்த வேகாத வெயிலில் எல்பா அவர் கல்லறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிறுத்தி, "ஏறிக்கோ, ஏசி நல்லா வேலை செய்யுது," என்றேன். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக என் முகத்தில் துப்பிவிட்டு நடந்தாள்.

அப்பனைப் போலத்தானே மகளும் இருப்பாள், ஐயா. அந்தக் குடும்பத்துக்கே சுத்தம் என்றால் என்னவென்று தெரியாது.