பல்லுக்குப் பூசிய மை

எங்கள் மலையடிவாரத்து முள்ளங்கி நல்ல இனிப்பு, துறவியாரே. கோட்டையை ஆண்ட காலத்தில் அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

போர் வந்தால் கிராமத்தார் கோட்டைக்குள் வந்து ஒதுங்குவது வழக்கம். அந்த இலையுதிர் காலத்திலும் வந்தார்கள். கதவைத் திறக்கச் சொன்னது நான்தான். நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள்.

எதிரியை ஆற்றங்கரையில் மறிக்கும்படி எங்கள் பெருந்தலைவர் ஆணையிட்டிருந்தார். நான் போகவில்லை. பயம். படையைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். எதிரி தானாகவே திரும்பிப் போய்விட்டான். ஆனால் நாங்கள்தான் போரிட்டு விரட்டினோம் என்று நம்பி, வெட்டிய எதிரித் தலைகளைப் பார்வையிட வருவதாகப் பெருந்தலைவர் ஆள் அனுப்பினார். காட்டத் தலை இல்லையென்றால் என் தலை போகும், கோட்டையும் போகும்.

கிராமத்தார் இன்னும் வீடு திரும்பவில்லை. கிழவர்களை நான் தொடவில்லை. கிழட்டுத் தலை வீரனின் தலையாகத் தெரியாது. அதை அப்போது இரக்கம் என்று நினைத்தேன். மற்ற ஆண்களிடம், ஆற்றங்கரையில் காவல் வேலை, வயிறாரச் சோறு என்று சொல்ல வைத்தேன். சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். என் ஆட்கள் மூங்கில் தோப்புக்குப் பின்னால் காத்திருந்தார்கள். சொல்ல நாக்கூசுகிறது.

எங்கள் நாட்டில் உயர்குடி வீரர்கள் பல்லைக் கருப்பாக்கிக்கொள்வார்கள். வெட்டிய தலைகளைக் கழுவித் தலைவாரி, உயர்குடியாருடையதாக இருந்தால் பல்லுக்குக் கருமை பூசுவது எங்கள் கோட்டைப் பெண்களின் வேலை. ஹிசானோ என்ற விதவை அதில் கைதேர்ந்தவள். ஒரு தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரபு, இவன் தாடையில தலைக்கவச நாடா பட்ட தடமே இல்லீங்க. நெத்தியில வைக்கோல் தொப்பித் தடம்தான் இருக்கு."

"பூசு."

"நம்ம கிராமத்துல முள்ளங்கி பயிர் போடுற மொசாகுதாங்க இது. காவலுக்குப் போன மனுஷன் எப்ப வருவாருன்னு இவன் பெண்டாட்டி கீழ்வாசல்ல நின்னு எங்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்கா."

"நல்லாக் கருப்பாப் பூசு. தளபதியாத் தெரியணும்."

பூசினாள். கண்ணீர் விழுந்து மை கரைந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினாள்.

பெருந்தலைவர் மெச்சிக்கொண்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கையும் எனக்கே கொடுத்தார். கிளம்பும்போது, இந்த வரிசையில் உனக்கு முன்பே தெரிந்த முகம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று நான் பேசியதில் அது ஒன்றுதான் பொய்யில்லை, துறவியாரே. அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒருவன் முகத்தையும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை.