ஏகமனதாக ஒரு தெரிவு

— இஞ்சருங்கோ, ஃபோனைக் கீழ வையுங்கோ. லைட் பச்சையாகிட்டுது.

— ஒரு நிமிசம், சுலக்சனா. இன்னும் எண்ணி முடியேல்லை. பாதிதான் வந்திருக்கு, அந்த மேயர் பொம்பிளை முன்னுக்கு நிக்கிறா!

— அமெரிக்காவில அவ முன்னுக்கு நிக்கட்டும். நாங்கள் மார்க்கம் ரோட்டில நடுவுக்கு நிக்கிறம். பின்னால ஹோர்ன் அடிக்கிறான்.

— போறன், போறன். கேக்கைப் பிடியும், திருப்பப் போறன்.

— பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். யூனியன்வில்லில இருந்து உதை மடியில வைச்சுக்கொண்டு வாறன். கால் விறைச்சுப்போச்சு.

— இண்டைக்கு என்ர ரேடியோ நிகழ்ச்சி கேட்டனீரே?

— கேக்காமல்? நீங்கள் பேஸ்மென்ற்றில கத்த, மேல பாத்திரங்கள் எல்லாம் அதிருது.

— அது கத்தல் இல்லை, ஆய்வு. அடிப்படையில பாத்தா, அமெரிக்க உட்கட்சித் தேர்தலைத் தமிழில இப்பிடி அலசுறதுக்கு ரொறன்ரோவில வேற ஆள் இல்லை.

— உங்களுக்கு அங்க வோட்டும் இல்லையே.

— கருத்துக்கு எல்லை இல்லை, சுலக்சனா.

— உங்களுக்கு இருக்கு. போன கோடையில அமெரிக்காவுக்குப் போற பஃபலோ எல்லைப் பாலத்தில ஒரு பெட்டி மாம்பழத்தை வைச்சுக்கொண்டு முழிச்சதை மறந்திட்டியளே?

— உமக்கு எல்லாம் பகிடி. பிரம்ப்டனில இருந்து ஒருத்தர் கோல் எடுத்து, "பிரதாபன் அண்ணை, நீங்கள் பேசேக்க எனக்கு மெய் சிலிர்க்குது" எண்டவர்.

— அவர் போன கிழமையும் எடுத்தவர். உங்கட சித்தப்பா.

— சித்தப்பாவுக்கும் கருத்து இருக்கும்தானே!

— சரி, சொல்லுங்கோ. அந்தப் பொம்பிளையிட்டக் கட்சிப் பெரியாக்கள் என்னவாம் கேக்கினம்?

— விலகட்டாம்! பாதி மாநிலம் இன்னும் வோட்டே போடேல்லை. அதுக்கிடையில கட்சியின்ர ஒற்றுமைக்காக விலகட்டாம். அந்தக் கிழட்டு செனட்டருக்கு வழி விடட்டாம். ஒவ்வொருத்தராப் போய்க் காதுக்குள்ள ஓதுறாங்கள். வெக்கங்கெட்டவங்கள்.

— காரணம்?

— அவ வெல்ல மாட்டாவாம். நல்லவவாம், கெட்டிக்காரியாம், ஆனா சனம் இன்னும் தயாரில்லையாம். சனத்தைக் கேக்க முந்தியே சனத்தின்ர மறுமொழியை இவை சொல்லிப்போடுவினம்!

— அதை வடிவா இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— எதை?

— சனத்தைக் கேக்க முந்தி எண்டதை.

— சனத்தைக் கேக்க முந்தி சனத்தின்ர மறுமொழியைச் சொன்னால் அதுக்குப் பேர் தேர்தல் இல்லை. பேசிச் செய்யிற கலியாணம்!

— எங்கடையும் பேசிச் செய்ததுதானே.

— அதில நான் ஏகமனதாத் தெரிவான மாப்பிளை.

— ஓம். என்னைத் தவிர மற்ற எல்லாரும் கையை உயர்த்தினவை.

— சரி, சரி. சுலக்சனா, அடிப்படையில உம்மோட ஒண்டு கதைக்க வேணும்.

— கதையுங்கோ. கூட்ட ஹோலுக்குப் போகுமட்டும் நேரம் இருக்கு.

— இண்டைக்கு எங்கட சங்கத்தின்ர ஆண்டுக்கூட்டம்.

— தெரியும். நான்தான் அதின்ர செயலாளர். நோட்டீஸ் அனுப்பினதும் நான்தான்.

— பழைய மாணவர் சங்கம் எண்டுறது ஒரு குடும்பம் மாதிரி. இவ்வளவு காலமும் தலைவர் தெரிவு ஏகமனதாத்தான் நடந்து வந்திருக்கு. போட்டி எண்ட கதையே வந்ததில்லை.

— வராமல் என்ன? வாறவையை முதல்நாளே கோல் எடுத்து இருத்திப்போடுறது.

— அது கலந்துரையாடல்.

— போன வருசம் பிரதீபா நிக்க வெளிக்கிட்டவ. கலந்துரையாடி முடிய ஒரு கிழமை அழுதவ.

— அந்தப் பிள்ளை கொஞ்சம் இளகின ஆள்.

— அவ எமர்ஜென்சியில நேர்ஸ். இரத்தம் பாத்துக் கலங்காதவ. உங்கட தியாகலிங்கம் அண்ணை அவவுக்கு எங்க எடுத்தவர்? அவவின்ர மாமியாருக்கெல்லோ கோல் எடுத்தவர்!

— அண்ணைக்கு ஆக்களை அணுகத் தெரியும்.

— அணுகி அணுகித்தான் பதினொரு வருசமாத் தலைவர். மேடையில தேர்தல் அதிகாரி "வேறு பெயர்கள் உண்டா" எண்டு கேட்டு வாய் மூட முந்தியே கை தட்டு விழும். பிறகு வடை. வோட்டுப் பெட்டி எண்டு ஒரு சாமான் எங்கட சங்கத்திட்டக் கிடையாது. தெரியுமே?

— தேவைப்படேல்லை, வாங்கேல்லை.

— இண்டைக்குத் தேவைப்படும். றைஸ் குக்கர் வந்த பெட்டி ஒண்டை வெட்டி ட்ரங்கில வைச்சிருக்கிறன்.

— அப்ப நீர் மெய்யாத்தான் நிக்கப்போறீரோ?

— ஓம்.

— எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?

— எத்தினையோ தரம் சொன்னனான். "பொறும், ரிசல்ட் வருது" எண்டனீங்கள்.

— நான் உம்மை மறிக்கேல்லை. நான் எப்பவும் பெண்களின்ர தலைமைக்கு ஆதரவு. அது ஊருக்கே தெரியும். நீர் கெட்டிக்காரி. சங்கத்தின்ர எல்லா வேலையும் நீர்தான் பாக்கிறீர். அதை ஆரும் மறுக்கேல்லை.

— ஆனா?

— நான் ஆனா எண்டு சொல்லேல்லையே.

— வருது. உங்களுக்கு மூக்கு விடைக்குது. சொல்லி முடியுங்கோ.

— ஆனா எங்கட சனம் இன்னும் அதுக்குத் தயாரில்லை.

— அதையும் வடிவா இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— எதுக்கு?

— சொன்னது உங்கட காதிலயும் விழட்டும் எண்டு.

— இஞ்சேரும், அது வேற, இது வேற. அது ஒரு வல்லரசு. இது மோர்னிங்சைட்டில வாடகைக்கு எடுத்த ஒரு ஹோல்.

— அப்ப கொள்கை பெரிய இடத்துக்கு மட்டுந்தானோ? எங்கட ஸ்காபரோக்குள்ள வந்தால் சப்பாத்து மாதிரி வாசலில கழட்டிப்போட்டு வர வேணுமோ?

— உணர்ச்சிவசப்படாதையும். நடைமுறையைப் பாரும். உம்மட பேரை ஒராள் முன்மொழிய வேணும், இன்னொராள் வழிமொழிய வேணும். சபையில எழும்பி நிண்டு, மைக்கில சொல்ல வேணும். முன்வரிசையில தியாகலிங்கம் அண்ணை இருந்து பாத்துக்கொண்டிருப்பார். ஆர் எழும்புவினம்?

— மிதுனன் முன்மொழியிறன் எண்டவன்.

— அவன் இனி ஏலாதாம்.

— எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அடிப்படையில, இப்பிடியான தகவல்கள் பரவுறதுதானே.

— எங்க இருந்து பரவினது?

— ஃபோன் அடிக்குது. பொறும். ஐயோ, உது ஏன் தானா எடுக்குது...

— தம்பி பிரதாபன்! தியாகலிங்கம் அண்ணை கதைக்கிறன். என்ன மாதிரி, அலுவல் முடிஞ்சுதோ?

— அண்ணை, நான் கார் ஓடிக்கொண்டு... ஸ்பீக்கரில...

— ஓடும், ஓடும். கவனமா ஓடும். மிதுனனை நீர் மடக்கினது நல்ல கெட்டித்தனம். இனித் தங்கச்சியைச் சமாளிச்சால் சரி. நேரா வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதையும், ராசா. உப தலைவர் பதவி தாறம் எண்டு சொல்லும். மேடையில ஒரு பொன்னாடையும் போத்துவம். பொம்பிளைப் பிள்ளையள் அதோட அடங்கியிடுவினம்.

— அண்ணை, அண்ணை, ஒரு நிமிசம்...

— கேளுமன். வாற வருசம் நான் விலக, அந்தக் கதிரை உமக்குத்தான். கதைச்சது கதைச்சதுதான். பேந்து ஏன் ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு தலைவர்?

— வணக்கம், அண்ணை.

— ஆ! ஆரது, சுலக்சனாவோ? சுகமா இருக்கிறீரோ, பிள்ளை?

— நல்ல சுகம். உங்கட கேக் என்ர மடியிலதான் வருது. "மீண்டும் தலைவராகும் தியாகலிங்கம் அண்ணைக்கு வாழ்த்துகள்" எண்டு நீலக் கிறீமில வடிவா எழுதியிருக்கு. தேர்தல் இண்டைக்குத்தான் எண்டு நினைச்சிருந்தன். கேக் கடைக்காரனுக்கு வியாழக்கிழமையே முடிவு தெரிஞ்சிருக்கு.

— அது... முட்டை போடாத கேக்தானே, பிள்ளை?

— ஓம், அண்ணை.

— நல்லது, நல்லது. இஞ்ச வடை வந்திட்டுது போல. நான் வைக்கிறன்.

— சுலக்சனா...

— றோட்டைப் பாருங்கோ.

— நான் விளங்கப்படுத்துறன். அடிப்படையில பாத்தா...

— அடிப்படையைப் பாத்திட்டன். மிதுனனுக்கு என்ன சொன்னனீங்கள்?

— ஒண்டுமில்லை. நீர் நிக்கிறதை மறுபரிசீலனை செய்யிறீர் எண்டு...

— நான் செய்யிறன் எண்டோ!

— செய்வீர் எண்டு நினைச்சன்.

— சனத்தைக் கேக்க முந்தியே.

— சரி, பிழைதான். ஆனா வாற வருசம் எனக்குத் தாறன் எண்டவர். சத்தியம் பண்ணினவர்.

— அந்த வாற வருசத்தை அவர் நிதுசனுக்கும் குடுத்தவர். தங்கத்துரை அண்ணைக்கு ரெண்டுதரம் குடுத்தவர். நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் பாவம், வாற வருசம் வருது வருது எண்டு சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். செத்த வீட்டில "எங்கள் அடுத்த தலைவர்" எண்டு அண்ணைதானே பேசினவர்?

— நிதுசனுக்குமோ? அவன் நேற்று வந்த பெடியன்!

— பாருங்கோ. உதுதான் உங்களுக்குச் சுட்டது.

— அதில்லை. உமக்கு ஏன் அந்தக் கதிரையில இவ்வளவு ஆசை? வீட்டில வேலை, வெளியில வேலை. இதில என்ன கிடக்கு?

— கதிரையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ. போன மாரி மழையில, ஊரில எங்கட பள்ளிக்கூடத்துக் கூரை காத்துக்குக் கழண்டது. அதிபர் எனக்குக் கோல் எடுத்து அழுதவ. நான் அண்ணையிட்டப் போய்க் கேட்டன். "கலைவிழா முடியட்டும், பிள்ளை" எண்டார். இஞ்ச கலைவிழாவுக்கு லேசர் லைட், புகை அடிக்கிற மெஷின். அங்க பிள்ளையள் குடையைப் பிடிச்சுக்கொண்டு சோதினை எழுதினவை. எப்பவும் போல நான் கேக்கிறது, அவர் பிறகு பாப்பம் எண்டுறது. அண்டைக்குத்தான் நினைச்சனான், கேக்கிற ஆளா இருந்தது காணும் எண்டு.

— உதை நீர் எனக்கு ஏன் சொல்லேல்லை?

— சொன்னனான், அப்பா. அண்டைக்கு அமெரிக்காவில விவாதம். வேட்பாளர் எல்லாரும் வரிசையா மேடையில நிண்டவை.

— நான் என்ன சொன்னனான்?

— "ஸ்ஸ்" எண்டனீங்கள்.

— அவ்வளவுதானோ?

— கையாலயும் காட்டினனீங்கள்.

— சுலக்சனா, காரைக் கொஞ்சம் ஓரமா விடட்டே?

— வேண்டாம், பிந்திப்போகும். உந்தச் சிக்னலில இடப்பக்கம்.

— நான் முன்மொழியிறன்.

— என்னது?

— உம்மட பேரை. நான் எழும்பி மைக்கில சொல்லுறன். அண்ணை முன்னுக்கு இருந்து முறைச்சால் முறைக்கட்டும். வாற வருசமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மிதுனனை மறிச்சது நான். அந்த இடத்தில நான்தான் எழும்ப வேணும்.

— மெய்யாத்தானோ?

— மெய்யா. ஃபோனையும் நிப்பாட்டிப்போட்டன், பாரும்.

— தெரியுது. இனி ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ.

— அப்ப ஏன் சிரிக்கிறீர்?

— சந்தோசத்தில. கலியாணம் கட்டின நாளில இருந்து நீங்கள் "அடிப்படையில" இல்லாமல் சொன்ன முதல் வசனம் உது. ஆனா வேண்டாம்.

— ஏன்? நான் மனமாரச் சொல்லுறன்!

— நீங்கள் நல்லவர், கெட்டிக்காரர். அதை ஆரும் மறுக்கேல்லை. ஆனா புருசன் எழும்பி மனிசியை முன்மொழிஞ்சால் குடும்பத்துக்குள்ள கதிரை பங்கு போடுறாங்கள் எண்டு சனம் நினைக்கும். நீங்கள் எடுபட மாட்டியள்.

— நீரும் என்னை மாதிரிக் கதைக்கப் பழகிட்டீர்.

— நடைமுறை, அப்பா. வழிமொழிய வேணுமெண்டால் நீங்கள் கையை உயர்த்தலாம். அது உங்கட விருப்பம். நீங்கள் உயர்த்தாட்டி எங்கட சங்கத்து றொய்சன் உயர்த்துவான், முதல் ஆள் எழும்பினால் தான் பயப்பிடேல்லையாம்.

— வழிமொழியிறது இருக்கட்டும். முதல்ல முன்மொழிய ஆள் வேணுமே! அங்கத்தவரில ஒருத்தரையும் விடாமல் அண்ணை கோல் எடுத்து மறிச்சிட்டார். நான் பக்கத்தில இருந்து பாத்தனான்.

— ஓம், எல்லாருக்கும் எடுத்தவர். ஒரே வீட்டில இருக்கிற தன்ர மனிசிக்கு ஆரும் கோல் எடுப்பினமே? புனிதவதி அக்காவும் எங்கட பள்ளிக்கூடம்தான், சந்தா கட்டின அங்கத்தவர்தான். மிதுனன் பின்வாங்கினால் தான் எழும்பி முன்மொழியிறன் எண்டவ. அங்க பாருங்கோ, வாசலில நிண்டு எங்களுக்குக் கை காட்டுறா.