கேப்பை மாவில் விரால்

எனக்கு மீன் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். இதை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மீன் குழம்பு வைக்கிற நாளில் நான் தயிர் சாதம் சாப்பிடுகிறவன். தூண்டிலைக் கையில் எடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அன்று மாட்டியது என் சட்டைக் காலர்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். பேப்பர் கொடுத்தீர்கள், டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். அதனால் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் குமரேசன். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். 'தக்கை' என்பது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழு. ஆரம்பித்தவன் என் சிநேகிதன் தீனதயாளன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. குழுவில் எனக்குத்தான் டிசைன் வேலை தெரியும் என்று என்னை அட்மின் ஆக்கினான். பஸ் ஏறும்போது ஒன்று சொன்னான்.

"ஒரே ஒரு ஒதவி பண்ணுடா. குரூப்ப மட்டும் சாவ வுட்டுடாத."

நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அவன் போன ஆறே மாதத்தில் குழு படுத்துவிட்டது. காலையில் நாலு ரோஜாப் படம், மத்தியானம் ஒரு மனை விற்பனை விளம்பரம். இன்னார் வெளியேறினார் என்று வரி வரும்போதெல்லாம் மீதி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பேன். ஆளை வரவழைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசியில் ஒரு ஆளை நானே உண்டாக்கினேன். இன்னொரு சிம் வாங்கி, பிரான்சிஸ் என்று பெயர் வைத்தேன். படத்துக்கு, மதகின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும் முதுகு. முதுகு என்னுடையது.

குழுவின் முதல் விதி, எங்கே என்று கேட்கக் கூடாது. இது தீனதயாளன் போட்டது. கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் காரியம் விளங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தவிர, மீன் கடிக்கிற இடத்தை வெளியே சொன்னால் மறுநாள் அந்த மதகில் நாற்பது பேர் நிற்பார்கள். அந்த விதி மட்டும் இல்லையென்றால் பிரான்சிஸ் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார்.

அவருடைய முதல் பதிவு, கேப்பை மாவு உருண்டை போட்டு நாலு கிலோ விரால் பிடித்தேன் என்பது. இரண்டும் நான் எங்கேயோ காதில் வாங்கிய வார்த்தைகள். விரால் தவளையையும் சின்ன மீனையும்தான் உயிரோடு விழுங்கும், மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிஷத்தில் சிங்காரம் அண்ணன் வந்துவிட்டார்.

"யோவ், விரால் கேப்பை மாவு துன்னுதா? இன்னா, சுகருக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

சிங்காரம் அண்ணனை உங்களுக்குத் தெரியும், இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். பிறந்தது மரக்காணம் பக்கம் கடலோரக் குடும்பத்தில். ஆனால் முப்பது வருஷம் விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர். அன்றைக்கு அவர் ஆரம்பித்த சண்டையில் அறுபத்து மூன்று மெசேஜ் வந்தது. அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். சரியாகச் சொன்னால் ஒருத்தரும் பதில் போடுவதில்லை, தப்பாகச் சொன்னால் ஊரே திருத்த வருகிறது.

அதன் பிறகு ஏழு வருஷம் பிரான்சிஸ் தினமும் ஏதாவது தப்பாகச் சொன்னார். இதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. கேப்பை கட்சி, தவளை கட்சி என்று குழு இரண்டாகப் பிரிந்தது. ஆட்கள் இருநூறைத் தாண்டினார்கள். பிரான்சிஸைத் தவிர எல்லோரும் நிஜமான ஆட்கள், இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் சிங்காரம் அண்ணனின் சம்சாரம் பவுனு அக்கா தவறிவிட்டார். கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் பிரான்சிஸுக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினார். இன்னிக்கு ஏதாச்சும் தப்பா சொல்லுய்யா, யாரையாவது திட்டணும் போல இருக்குது என்று. கோழிக்கறி போட்டு, விரல் நீளம்கூட இல்லாத அயிரை பிடித்ததாகச் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மேடம். அட்மினாக நான் செய்ததில் நல்ல காரியம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

தப்பு நடந்தது போன வருஷம். கூட்டேரிப்பட்டில் இறங்கி டீ குடித்தேன் என்று பிரான்சிஸ் ஒரு பதிவில் எழுதிவிட்டார். ஸ்டாப்பிங் பெயரைக் கண்டக்டர் விடுவாரா? ஓய்வு பெற்ற சிங்காரம் அண்ணன் ஞாயிறுதோறும் கூட்டேரிப்பட்டில் வந்து நின்றார். கையில் ஒரு டப்பா, அதில் தவளை. விரால் எதைத் தின்னும் என்று நேரில் காட்ட வேண்டுமாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் நீ பிரான்சிஸா என்று கேட்டார். விதிப்படி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை, யார் என்றுதான் கேட்டார்.

ஆறு ஞாயிறு பார்த்தேன். விஷயம் வெளியே வந்தால் குழு ஒரே நாளில் கலைந்துவிடும். ஆகவே பிரான்சிஸ் இறந்துபோனார். மாரடைப்பு. வலி தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அஞ்சலி போஸ்டரை நானே அடித்தேன். முகத்துக்குப் பதில் முதுகைப் போட்டு அஞ்சலி செலுத்தியது இந்த மாவட்டத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். தூண்டில்காரன் முகம் தண்ணிப் பக்கம்தானே இருக்கும் என்று யாரோ எழுதினார்கள், அதற்கே நாற்பது பேர் அழுதார்கள். ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மெசேஜ். குழு அவ்வளவு உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை.

சிங்காரம் அண்ணன் மட்டும் ஒரே வரி போட்டார். கடைசியா அவன முட்டாள்னு சொன்னது நான்தான் என்று. அதோடு சரி. போனை அணைத்துவிட்டார். தூண்டிலையும் மூட்டை கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சண்டைக்கு ஆள் இல்லாமல் நாற்பதே நாளில் ரோஜாப் படங்கள் திரும்பி வந்தன. இரண்டு பேர் வெளியேறினார்கள். நான் நிதானமாக யோசித்தேன். குழு சாகாமல் இருக்க நடுநடுவே யாராவது சாக வேண்டியிருந்தது. என்னிடம் வேறு பொய் ஆள் கிடையாது. நிஜ ஆள்தான் தேவைப்பட்டார். பேசுகிறவர் யாரையாவது எடுத்தால் குழுவுக்கு நஷ்டம். சிங்காரம் அண்ணனோ எப்படியும் பேசுவதில்லை. அவருடைய படமும் என்னிடம் இருந்தது.

போஸ்டர் நன்றாக வந்திருந்தது, நீங்களே பார்த்தீர்கள். தோற்றம், மறைவு இரண்டும் போட்டேன். இறுதி ஊர்வலம் செவ்வாய் காலை பத்து மணி, அன்னாரது இல்லத்தில் என்ற வரியை மட்டும் நான் எடுத்திருக்க வேண்டும். எங்கள் கடை மாடலில் அந்த வரி எப்போதும் இருக்கும். காலியாக விட்டால் டிசைன் அசிங்கமாகிவிடும். தொழில் பழக்கம், வேறு ஒன்றுமில்லை.

முப்பத்தேழு பேர் விழுப்புரத்தில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பனமலை ஏரியில் குழுவின் சந்திப்பு என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன், ஐந்து பேருக்கு மேல் வந்ததில்லை. அட்மின் என்ற முறையில் நானும் மாலையோடு போனேன். சிங்காரம் அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார். முன்னால் நின்றவர் அவசரத்தில் மாலையைப் போட்டேவிட்டார். அண்ணனின் மகள் வெண்ணிலா ஓசூரிலிருந்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்த பிறகு என்னை இரண்டு அறை அறைந்தார். அது நியாயம்தான். புகார் கொடுத்ததும் அவர்தான்.

சிங்காரம் அண்ணன் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"அப்ப பிரான்சிஸும் இப்பிடித்தானா? உசுரோட கீறானா?"

அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, மேடம்.

"இருக்காருண்ணா," என்றேன்.

மாலையோடு அழுதார். அன்று சாயங்காலமே பிரான்சிஸ் வந்து, உடம்பு தேறி எழுந்ததும் கேப்பை மாவில் ஒரு விரால் பிடித்ததாகப் போட்டார். சிங்காரம் அண்ணன் அணைத்து வைத்த போனை எடுத்து ஒரு மணி நேரம் திட்டினார். மறுநாள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

பிரான்சிஸைக் கூப்பிடுங்கள், குமரேசனுக்காக அவர் பேசுவார் என்று சிங்காரம் அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் எங்கே என்று நீங்களும் கேட்டீர்கள். அதைக் கேட்கக் கூடாது. யார் என்பதை மேலே எழுதிவிட்டேன், வெளியே பெஞ்சில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டாம். என்னிடமிருந்து நீங்கள் வாங்கி வைத்த இரண்டு போனில் சின்னதை மட்டும் பத்து நிமிஷம் கொடுங்கள். காலையிலிருந்து பிரான்சிஸ் பதில் போடவில்லை. மனுஷர் பயந்துபோயிருப்பார்.

வாக்குமூலத்துக்குச் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றீர்கள். கீழே என்னுடையதுக்குப் பக்கத்தில் பிரான்சிஸ் போட்டிருக்கிறார். அவருடையது கொஞ்சம் அழகாக இருக்கும்.