கழனிக்குள் பூட்ஸ்

“என் கிட்னியத் தூக்கிக்கினு போயி சேத்துல நிக்கிறியேடா, அறிவு இருக்குதா உனக்கு?”

மீஞ்சூரில் ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா, எதிரில் உட்கார்ந்த தன் தம்பியிடம் கேட்டார். சென்னையில் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். தம்பியின் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

“சேத்துப்புண்ணுதானக்கா? மஞ்ச வச்சா ஆறிடும்.”

“எனக்கு ஆறும். உனக்கு? நான் குடுத்த கிட்னிய உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு தெனம் மாத்திரை போடறே. அதுல எதிர்ப்பு சக்தி கொறையும், பூஞ்சை வந்தா லேசுல போவாதுன்னு டாக்டரு சொன்னாரில்ல? நான் வாங்கியாந்த ரப்பர் பூட்ஸ ஏன்டா மாட்டல?”

“கழனில எப்டிக்கா செருப்புக் காலோட எறங்கறது? சோறு போடற எடம். ஊரே காறித் துப்பும்.”

“துப்பிட்டாங்க.”

“யார?”

“என்னத்தான். நேத்து அந்த பூட்ஸ மாட்டிக்கினு நானே எறங்கி நாத்து நட்டேன். வரப்புல நின்னு எல்லாரும் திட்டி முடிச்சிட்டாங்க. இனிமே நீ எறங்கு.”

எழுந்து அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. அவரோ ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.