கரி கழுவப் போறாராம்

“‘பன்னெண்டு வருஷமா மணலைக் கழுவிட்டேன், இனிமே கரியைக் கழுவப் போறேன், நீ குறுக்க நிக்காதே!’ எங்க வீட்டுக்காரர் சொல்றார், சுகந்தா! காலங்காத்தால, வாயில இட்லியை வச்சுக்கிட்டு! நில்லுங்க, போகலாம். இந்தக் குதைபியா டிராஃபிக்ல உங்க ஆபீஸ் வேன் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?

நீங்களும் அதே கம்பெனிதானே, சொல்லுங்க. மணல்ல இருக்கிற உப்பைக் கழுவி எடுக்கிற பிளான்ட். பம்பு, சல்லடை, சேத்துத்தண்ணி... அதுல இவர் கெட்டிக்காரர், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரிசாவா? அங்க கரி கழுவுற பிளான்ட்டா கட்டித் தள்ளுறாங்களாம். இருக்கிறது பத்தலையாம். வெட்டி எடுக்கிற கரியில கல்லும் மண்ணும் கலந்திருக்காம். கழுவிப் பிரிச்சு அனுப்பினா, கரன்ட் தயாரிக்கிற இடத்துல சாம்பல் கம்மி, புகை கம்மி. நல்ல விஷயம்தான், யாரு இல்லேன்னா? நாடு நல்லா இருக்கட்டும். ஆனா எங்க ஷ்ருதிக்கு மார்ச்சுல பத்தாம் கிளாஸ் பரீட்சை! இந்த அரபு நாட்டுல அவ விசா அப்பா பேர்ல. அவர் வேலையை விட்டா நாங்களும் பெட்டி கட்டணும். பாதி வருஷத்துல எந்த ஸ்கூல்ல சேர்த்துப்பாங்க? ஆமாங்கறதுக்கு உங்க ஊர் பாஷையில ‘ஓம் ஓம்’னு தலையை மட்டும் ஆட்டாதீங்க!

என்ன? அந்த வேலை எப்படிக் கிடைச்சுதா? அது வந்து... நான்தான் எழுதிப் போட்டேன். முறைக்காதீங்க! பிளான்ட் இன்சார்ஜ் போஸ்ட்டை நேத்து வந்த ஹஸ்னைனுக்குத் தூக்கிக் குடுத்தாங்களா இல்லையா? வெளியில ஒருத்தன் கூப்பிட்டாத்தான் உங்க மேனேஜருக்கு இவர் அருமை தெரியும்னு நினைச்சேன். இவருக்கு லீவ் லெட்டர்கூட நான்தான் எழுதணும். கான்வென்ட்ல சிஸ்டர்ஸ் ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ், சும்மா இருக்குமா? ‘கரியைக் கழுவி நாட்டுக்குச் சுத்தமான மின்சாரம் தருவதே என் வாழ்நாள் லட்சியம்’னு எழுதிட்டேன். ஒரிசாக்காரங்க மயங்கிட்டாங்க. சரி, மயங்கட்டும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்த இந்த மனுஷனும் மயங்கிட்டாரே! இப்ப சாப்பிடும்போதுகூட செல்லுல கரி வீடியோதான்.

ராஜினாமா லெட்டர்... ம், அதுவும் நான்தான். மேனேஜர் பதறிப் போய்க் கெஞ்சுவார், இன்சார்ஜ் போஸ்ட்டைத் தருவார்னு பார்த்தேன். நேத்து மத்தியானம் இவர் நீட்டியிருக்கார். அந்த ஆள் ‘கலாஸ், மப்ரூக்’னு, அதாவது முடிஞ்சுது, வாழ்த்துக்கள்னு, கையைக் குலுக்கி வாங்கி வச்சுக்கிட்டாராம்! எழுதினது அவ்வளவு நல்லா இருந்துதாம். பாராட்டு வேற!

சுகந்தா... கஃபீல், அதான் விசா குடுத்த முதலாளி, கையெழுத்துப் போட பதினோரு மணிக்குத்தானே வருவார்? ஃபைலெல்லாம் உங்க மேஜை வழியாத்தானே உள்ள போகும்? ஐயோ, வேன் வந்துடுச்சு... ஒரு நிமிஷம்! கிழிக்கச் சொல்லலை, ஒளிக்கச் சொல்லலை. பரீட்சை முடியற வரைக்கும் அந்த ஒரு லெட்டர் மட்டும் அடியில கிடக்கட்டுமே... சுகந்தா! ஜன்னலைத் திறங்க! ஏங்க... வைப்பீங்கதானே?”