பாகம் குறைகிறது

நாற்காலி விற்கிறவனுக்கு உட்கார நேரம் கிடைப்பதில்லை சார். அதனால் நீங்கள் "உட்காருங்க" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது. அடியில் திருகாணி தளர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. போகும்போது முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். எது பழுது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது ஒரு வேலையே இல்லை. தெரியாதபோதுதான் மனிதன் திண்டாடிப் போகிறான். நான் திண்டாடிய கதையைத்தான் நீங்கள் சொல்லச் சொல்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

நான் ஆன்லைனில் டேபிள் செட் விற்கிறேன். சின்ன வட்ட மேஜை ஒன்று, மடக்கு நாற்காலி இரண்டு. பால்கனியில் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கலாம். கடை என்று தனியாகக் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை, கிடங்கு, பேக்கிங் எல்லாம். அதே அறையில் பெட்டிகளுக்கு நடுவே அப்பாவும் இருந்தார். அவரை இடைஞ்சல் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டியை நகர்த்தும்போது "அப்பா, காலு" என்பேன். அவர் காலைத் தூக்கிக்கொள்வார். அவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்.

அப்பா எதைப் பற்றியும் குறை சொல்லாத மனிதர். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும், ஃபேன் நின்றுபோனாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அம்மா இறந்து, வந்தவர்கள் எல்லாம் "எப்படி இருக்கீங்க" என்று விசாரித்தபோதும் அதையேதான் சொன்னார். இப்போது அவருக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறது. என் பெயர்கூடச் சில சமயம் வாய்க்கு வராது. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் தடுமாறியதே இல்லை. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் கிடைக்கக் கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

எனக்கு வாய்த்தவர்கள் வேறு ரகம். "சுமார்." "நினைச்ச மாதிரி இல்ல." "படத்துல பார்த்தப்ப வேற மாதிரி தோணுச்சு." ஒருவர் வெறும் "ம்" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டார். அந்த "ம்"முக்கு என்ன பதில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் எழுதினேன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். குறையைத் தெளிவாக, படத்துடன் தெரிவிக்கவும்" என்று ஒரு பதில் எப்போதும் கைவசம் இருக்கும். வருந்துகிறோம் என்று பன்மையில் போட்டிருப்பேன். வருந்துவதெல்லாம் நான் ஒருவன்தான்.

அந்த நேரத்தில்தான் ஒரு கணக்கு டீச்சரின் புகார் வந்தது. ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். புகார் வகையில் "பாகம் குறைகிறது" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கீழே இப்படி எழுதியிருந்தார்: "எல்லாம் வந்து சேர்ந்தது. நல்லாவே இருக்கு. ஆனா என்னமோ ஒண்ணு குறையுது."

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாகம் குறைகிறது என்று வந்துவிட்டால், விற்பவன் ஏதாவது ஒரு பாகத்தை அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பிய பார்சலின் எண்ணை ஆன்லைன் தளத்தில் பதிந்தால்தான் புகார் அடங்கும். வாய் வார்த்தையால் அடக்க முடியாது. என் கடையோ ஏற்கெனவே கழுத்தில் கத்தி வைத்த நிலையில் இருந்தது. இன்னும் ஒரு புகார் தீராமல் நின்றால் கடையை முடக்கிவிடுவோம் என்று தளத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. முடக்கினால் அறை நிறைய இருக்கிற மேஜைகளைக் கடித்துத் தின்ன முடியுமா?

முதலில் நான்கு திருகாணி அனுப்பினேன். "வந்தது, நன்றி. ஆனா இன்னும் குறையுது" என்றார். நாற்காலிக் காலுக்கு ரப்பர் மூடி அனுப்பினேன். மெத்தை அனுப்பினேன். மேஜை விரிப்பு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார், ஒவ்வொன்றுக்கும் பிறகும் என்னமோ குறைந்தது. கையில் இருந்த சாமான் தீர்ந்ததும் வீட்டுச் சாமானில் கை வைத்தேன். பூச்சாடி போயிற்று. பீங்கான் கப்புகள் போயின. ஒரு நாள் என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடிகாரம் எங்கங்க?"

"டீச்சரம்மாவுக்கு அனுப்பிட்டேன்."

"அந்தம்மா டேபிள்தானே வாங்குச்சு?"

"பாகம் குறையுதாம்."

"டேபிளுக்கு எதுக்குங்க மணி தெரியணும்?"

நியாயமான கேள்விதான். கடிகாரம் போய்ச் சேர்ந்த பிறகும் டீச்சர் அதே வரியைத்தான் எழுதினார். அதற்குப் பிறகே நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

கதவைத் திறந்தவர் என்னை ஏதோ சொந்தக்காரன் மாதிரி "வாப்பா" என்றார். துப்புரவான பால்கனி. மேஜை மேல் நான் அனுப்பிய விரிப்பு, அதன் மேல் எங்கள் வீட்டுப் பூச்சாடி. சுவரில் எங்கள் கடிகாரம், எங்கள் வீட்டில் ஓடியதைவிடச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலி நன்றாகப் புழங்கியிருந்தது. இன்னொன்றின் மேல் நான் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"எது குறையுதும்மா? இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உடனே அனுப்பிடறேன்."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாப்பா? கணக்குல விடை வந்துடும், ஆனா நடுவுல ஒரு வரி விட்டுப்போன மாதிரியே உறுத்தும் பாரு, அது மாதிரி இருக்கு."

உறையைப் பிரித்து அந்த இரண்டாவது நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை, கிறீச்சிடவில்லை. அவர் டீ கொண்டுவந்தார். சொட்டுகிற குழாயைப் பற்றிப் பேசினார், மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலி இழுக்கும் சத்தத்தைப் பற்றிப் பேசினார், பதினாறாம் வாய்ப்பாட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பற்றிப் பேசினார். நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"இப்ப அந்தக் குறை தெரியவே இல்லப்பா. என்ன பண்ணின நீ?"

"ஒண்ணும் பண்ணலம்மா. உட்கார்ந்தேன்."

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, இத்தனை வருட வியாபாரத்தில் ஒரு பூடகமான புகாரை வேர் வரைக்கும் போய்ப் பிடித்துவிட்டேனே என்று. இனி பாகத்தை அனுப்புவது ஒன்றுதான் பாக்கி. தினமும் போய் உட்கார எனக்கு எங்கே முடியும்? பேக்கிங் யார் பார்ப்பது? ஆனால் என் வீட்டில் உட்கார்வதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒருவர் இருந்தார். "அப்படியா" என்பதை என்னைவிட அழகாகச் சொல்லவும் அவருக்குத் தெரியும்.

என்னை ஈரமில்லாதவன் என்று என் அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். அப்பாவுக்கு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினேன். தேய்த்த சட்டை போட்டுவிட்டேன். மாத்திரைகளைத் தனியாகக் கட்டி, எது எப்போது என்று எழுதினேன். பையின் இரண்டு பக்கமும் "உடையக்கூடியது, மெதுவாகக் கையாளவும்" ஸ்டிக்கர் ஒட்டினேன். ஈரமில்லாதவன் அந்த ஸ்டிக்கரை ஒட்டுவானா? எடை பதிய வேண்டும் என்பதால் பார்சல் தராசில் ஏறி நிற்கச் சொன்னேன். ஏறி நின்று, கீழே எண்ணைக் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"எங்கேப்பா போறோம்?"

"டீ குடிக்கப்பா."

"நீ வரலையா?"

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வர்றேன்."

வழக்கமாக வரும் டெலிவரி அண்ணன்தான் வேனோடு வந்தார். முன்னறையைச் சுற்றிலும் பார்த்தார்.

"பார்சல் எங்கண்ணே? பெரியவர் கூட வர்றாரா?"

"பெரியவர்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். "உயிருள்ளதெல்லாம் எடுக்கக் கூடாதுண்ணே."

"செடி எடுக்கிறீங்களே?"

"அதுக்குத் தண்ணி ஊத்திக் குடுப்பாங்க."

"இவரும் தண்ணி குடிச்சுட்டுத்தான் வர்றாரு."

அவர் அப்பாவின் பையை வாங்கிக்கொண்டார். அப்பாவைப் பின்னால் ஏற்றாமல் முன் இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார், நல்ல மனிதர். அவர் மேல் வழக்கு எதுவும் போட்டுவிடாதீர்கள். அப்பா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் அந்த நேரத்தில் பார்சல் எண்ணைப் பதிந்துகொண்டிருந்தேன். "பொருள் திரும்பப் பெறப்படுமா" என்ற கேள்விக்கு, உதிரிப் பாகங்களுக்கு எப்போதும் போடுவதுபோல "பெறப்படாது" என்று போட்டேன். யோசித்துத்தான் போட்டேன், கைதவறி அல்ல.

டீச்சரம்மா எதுவும் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டார். "இவர் யாருப்பா?" என்று போனில் கேட்டார். "விட்டுப்போன பாகம்மா" என்றேன். அப்புறம், "சர்க்கரை போடலாமா இவருக்கு?" என்றார்.

ஐந்து நட்சத்திரம் வந்தது சார். கூடவே ஒரு படம். இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. அப்பா கப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை முன்னறையில் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படத்தின் கீழே "இப்போ செட் முழுசாயிடுச்சு" என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தே ஆர்டர் குவிந்தது. அப்பா உட்கார்ந்திருந்த மூலையிலும் பெட்டிகளை அடுக்கினேன், கூரை வரைக்கும்.

சிலர் கேட்டார்கள், "படத்தில் இருக்கும் பெரியவரும் செட்டோடு வருவாரா?" என்று. "தற்போது கையிருப்பில் இல்லை, விரைவில் எதிர்பார்க்கலாம்" என்று பதில் போட்டேன். வியாபாரத்தில் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. இதற்கிடையில் மாமனார் எங்களைப் பார்க்க வந்தார். தராசு வாசலிலேயே இருந்ததால் ஒரு பேச்சுக்கு ஏறி நிற்கச் சொன்னேன். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"எங்கப்பாவை எதுக்கு நிறுத்துறீங்க?"

"சும்மாதான்."

"நாளைக்கு என்னையும் அனுப்பிடுவீங்களா?"

"உனக்கு இன்னும் ஆர்டர் வரல" என்றேன். மனசாட்சிக்கு விரோதமில்லாத பதில். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, தன் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் புறப்பட்டதிலிருந்து வீட்டில் பேச்சுக்குரலே இல்லை. வேலை மட்டும் வேகமாக நடக்கிறது.

அக்கா வெளியூரிலிருந்து போன் செய்து அப்பாவிடம் கொடு என்றாள். "அப்பா டெலிவரி ஆயிட்டாருக்கா" என்றேன். முதலில் சிரித்தாள். அப்புறம் "என்னடா உளர்ற" என்றாள். விளக்கமாகச் சொன்ன பிறகு கத்தினாள். "இப்பவே போய் அவரைக் கூட்டிட்டு வாடா பாவி" என்றாள். உதிரிப் பாகத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்ற விதியைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் பாதியிலேயே வைத்துவிட்டு உங்களிடம் வந்து அப்பாவைக் காணோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் புகாரே தவறு சார். எந்தத் தெரு, எந்த வீடு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதுவரை என்னிடம் இருக்கிறது. காணாமல் போனவருக்கு இவ்வளவு விவரம் இருக்குமா?

அனுப்பியதற்குப் பிறகு ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பொருள் கைக்குக் கிடைத்த பிறகு விற்பவன் வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யக் கூடாது. அது விதி.

இப்போது உங்கள் பெண் காவலர் நேற்று அங்கே போய் வந்து சொன்னதற்கு வருகிறேன். அப்பா சுத்தமாக, தெம்பாக இருக்கிறாராம். டீச்சர் பேப்பர் படித்துக் காட்டுகிறாராம். எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு "நல்லாத்தான் இருக்கு" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்னமோ ஒண்ணு குறையுது" என்றாராம்.

இதுதான் எனக்கு உறைத்தது சார். வேறு எதுவும் இல்லை. அம்மா போனபோது குறை சொல்லாதவர், உப்பில்லாமல் தின்றவர், என் பெட்டிகளுக்காக எத்தனையோ தடவை காலைத் தூக்கியவர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் புகார் சொல்லியிருக்கிறார். அதிலும் ஒரு தெளிவு இல்லை. டீ போட்டதும் மூன்றாவதாக ஒரு கப்பை எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்க்கிறாராம். "பின்னாடியே வர்றேன்னான்" என்கிறாராம். யார் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியவில்லையாம்.

இருந்தாலும் அப்பாவாயிற்றே. நேற்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கப் அங்கே நிறையவே இருக்கிறது, எல்லாம் எங்கள் வீட்டுக் கப்தான். செட்டில் நாற்காலி இரண்டுதான், குறை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் விட்டால் போன கையோடு இன்னொரு நாற்காலியை நன்றாகச் சுற்றி, காசு வாங்காமல் அனுப்பிவிடுகிறேன். புகார் தீர்ந்துவிடும்.

அதில் யார் உட்காருவது என்று கேட்கிறீர்கள். முதலிலேயே சொன்னேனே சார், நாற்காலி விற்கிறவனுக்கு உட்கார நேரம் கிடைப்பதில்லை.