இடப்பக்கத்து மரத்துக்காக வாதாடிய அம்மாவுக்கு

இந்தக் காலத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் போதும். நேற்றுவரை முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவர்களும் பூங்கொத்தோடு வந்து பல்லைக் காட்டுகிறார்கள். அதுவும் நம் பாத்தியிலேயே பறித்த பூ. ஆகவே, அம்மா, யார் புகழ்ந்தாலும் பாதியைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். செடிவேலி வெட்டுகிற கிழவன் நான் எழுதினாலும் அப்படியே.

கோடை அரண்மனையின் கொடிக்கும் செடிக்கும் கண்ணான காவலரே! நீரூற்றுக்கும் நிழற்சாலைக்கும் நெறி வகுத்த நல்லவரே! எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவே!

அரசர் குடும்பம் கோடைக்கு வந்து தங்கிய காலம் போய், இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு ஊரே வருகிறது. வந்தவர்கள் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பார்க்காததையெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள். அளவுக்கயிறும் கையுமாக நீங்கள் வந்து சேர்ந்த அன்று, இது நாலு நாள் கூத்து என்று சொன்னவன் நான். கூத்து ஓய்வு வரைக்கும் ஓடிவிட்டது. வேலியில் குருவி கூடு கட்டியபோது அந்த இடத்தை வெட்டாமல் விடச் சொன்னீர்கள். இருபுறமும் ஒத்திருக்க வேண்டுமே என்று, கூடே இல்லாத எதிர்வேலியிலும் அதே அளவு புடைப்பு விடச் சொன்னீர்கள். தலையில் அடித்துக்கொண்டே விட்டேன்.

பெரிய படிக்கட்டின் இருபுறமும் நிற்கிற ஜோடி மரங்களில் இடப்பக்கத்து மரம் போன கோடையில் இலையை உதிர்த்தது, இன்னும் துளிர்க்கவில்லை. ஒன்று பட்டுப்போனால், நன்றாக இருக்கிற மற்றதையும் வெட்டிவிட்டு இரண்டு கன்றாக வைப்பது இந்தத் தோட்டத்து வழக்கம். அரண்மனை அதிகாரி வந்து கேட்டபோதெல்லாம் அடிமரத்தை நகத்தால் கீறி, பச்சையைக் காட்டி, கோடரியைத் திருப்பி அனுப்பினீர்கள். வலப்பக்கத்து மரம் இன்று நிற்பது அந்த நகத்தால்தான்.

நீங்கள் போனபின் அதிகாரி என்னைத்தான் கேட்பார். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவன் என்ற பேர் எனக்கு. நேற்று உங்களிடமும், "எனக்கு அதுல நம்பிக்கை இல்லம்மா" என்றேன்.

"நம்பச் சொல்லலியே அண்ணே. துளிர்க்கும்னு நீங்க சொல்ல வேணாம். செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வர்ற கோடை வரைக்கும் போதும்" என்றீர்கள்.

நான் கத்தரியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டேன். பதிலை இங்கே எல்லோர் முன்னிலையிலும் எழுத்தர் தம்பியை வாசிக்க வைக்கிறேன்: அதிகாரி ஐயா கேட்டால், "தெரியாது" என்பேன். இந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. உங்களுக்காக ஒத்துக்கொள்கிறேன்.

நோய் நொடி அண்டாமல், முழங்கால் மக்கர் செய்யாமல், நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள். மகள் வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கே நாற்காலிகளைக் கயிறு பிடித்து வரிசைப்படுத்தாதீர்கள்.

எழுத்தர் தம்பி இதை வாசித்து முடித்ததும் கைதட்டுவார்கள். அதற்கு நான் நிற்கப்போவதில்லை. அந்த மரத்துக்கு இன்னும் தண்ணீர் விடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். துளிர்க்கும் என்று இப்போதும் நம்பவில்லை.

இப்படிக்கு,
தோட்டத்துப் பணியாளர்கள் எல்லோரும்,
அவர்களுக்காக எழுதிய வேலிக்காரக் கிழவனும்